கியர் மாற்றும் சுகமும் அதைக் கெடுக்கும் தவறுகளும்

ஓட்டுவதற்கு மிகவும் இன்பமான மேனுவல் கியர்பாக்ஸ் எது என்று கார்ப் பித்தர்களிடம் கேட்டால், பெரும்பாலும் மாஸ்டா எம்எக்ஸ்-5, ஹோண்டா எஸ்2000 ஆகிய இரண்டின் பெயர்களும் முதலில் வந்துவிடும். அவற்றைத் தொடர்ந்து ஹோண்டா சிவிக் டைப் ஆர், போர்ஷேயின் 911, கேமன் ஆகியவை வரும். இந்த வரிசையில் எனக்குப் பெரிய மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தக் கார்களின் கியர்கள் ஏன் இனிக்கின்றன என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பல அரைகுறையானவை. அந்தக் காரணங்களை நம்பிக் கார் வாங்குவோர் ஏமாறுகிறார்கள். காரில் மாற்றம் செய்வோர், நன்றாக இருந்த கியர்பாக்ஸைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

கியர் லிவர் எவ்வளவு குறைந்த தூரம் நகர்கிறதோ அவ்வளவு நல்ல கியர்பாக்ஸ் என்ற எண்ணமே இவற்றுள் மிகப் பரவலானது. எம்எக்ஸ்-5, எஸ்2000 இரண்டிலும் லிவரின் வீச்சு மிகக் குறுகியது என்பது உண்மைதான். அதைப் பார்த்துவிட்டு, தம் காருக்கும் 'ஷார்ட் ஷிஃப்டர்' ஒன்றை வாங்கி மாட்டினால் அதே சுகம் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். லிவர் என்பது அடிப்படையில் ஒரு நெம்புகோல். வீச்சை 30 சதவீதம் குறைத்தால், உள்ளே இருக்கும் பாகத்தை அதே விசையுடன் தள்ளுவதற்குக் கை கொடுக்க வேண்டிய விசை ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். அந்த விசை எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த மாற்றத்தின் விலை புரியும்.

கியர்பாக்ஸுக்குள் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. நாம் கியர் போடும்போது, தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு வளையம் நகர்ந்து, வேண்டிய பற்சக்கரத்தைத் தண்டுடன் பூட்டுகிறது. இரண்டின் வேகமும் சமமாகாமல் பூட்ட முயன்றால் கரகரவென்று அரைபடும். இந்த வேகங்களைச் சமன் செய்வதற்காக 1928இல் கேடிலாக் நிறுவனம் முதன்முதலில் கார்களில் கொண்டுவந்த ஏற்பாடுதான் சிங்க்ரோமெஷ். கூம்பு வடிவிலான ஒரு சிறு வளையம், பெரும்பாலும் பித்தளையால் ஆனது, பற்சக்கரத்தின் கூம்பில் உரசி அதன் வேகத்தை ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. வேகம் சமமாகும்வரை பூட்டும் வளையத்தை முன்னேற விடாமல் தடுத்தும் வைக்கிறது. கியர் விழுவதற்குச் சற்று முன் கைக்குத் தெரியும் அந்த மெல்லிய எதிர்ப்பு இந்தத் தடுப்புதான். ஷார்ட் ஷிஃப்டர் இந்த வேலைக்குத் தேவைப்படும் நேரத்தைக் குறைப்பதில்லை. அதே எதிர்ப்பைக் கூடுதல் கனத்தோடு கைக்குக் கொண்டுவருகிறது. பொறுமையற்ற ஓட்டுநரின் கையில் வளையங்களின் தேய்மானத்தையும் விரைவுபடுத்துகிறது. மாஸ்டாவும் ஹோண்டாவும் குறுகிய வீச்சைத் தந்தபோது, அதற்கேற்ற சிங்க்ரோக்களையும் கிளட்ச் பிளேட்டின் எடையையும் சேர்த்தே வடிவமைத்தார்கள். பின்னால் வாங்கி மாட்டும் கிட்டில் அவை வருவதில்லை.

இதே எண்ணத்தின் மறுபக்கம், கேபிளால் இயங்கும் லிவர் ஒருபோதும் நன்றாக இருக்காது என்ற முடிவு. எம்எக்ஸ்-5, எஸ்2000 போன்ற, முன்னால் நெடுக்காக எஞ்சின் அமர்ந்து பின்சக்கரங்கள் உந்தும் கார்களில் லிவர் நேராகக் கியர்பாக்ஸுக்குள்ளேயே இறங்குகிறது. கைக்கும் இயந்திரத்துக்கும் இடையில் வேறெதுவும் இல்லை. எஞ்சின் குறுக்காக அமர்ந்த முன்சக்கர உந்துதல் கார்களில் கேபிள்களைத் தவிர்ப்பது கடினம். இருந்தும் சிவிக் டைப் ஆரின் லிவரைப் பிடித்துப் பார்த்தவர்கள் கேபிளைக் குறை சொல்வதில்லை. (அதன் உலோகக் கைப்பிடியை நம் ஊர் வெயிலில் நிறுத்தி வைத்த காரில் தொட்டுப் பார்ப்பது வேறு கதை.)

லிவர் தளர்ந்து ஆடினால் கியர்பாக்ஸே தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதுவது இன்னொரு தவறு, பணத்தை வீணாக்கும் தவறும்கூட. 1989இல் வெளிவந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல உதாரணம். அதன் லிவர் இறங்கும் கிண்ணத்துக்கென்று தனியாகச் சிறிதளவு ஆயில் உண்டு. லிவரின் நுனியில், அதை ஆடாமல் பிடித்துவைக்கும் உறையாக ஒரு சின்னஞ்சிறு பிளாஸ்டிக் புஷ் உண்டு. மேலே ரப்பர் உறை உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ஆயில் வற்றுகிறது, புஷ் நொறுங்குகிறது, ரப்பர் கிழிந்து கீழிருக்கும் சூடும் சத்தமும் உள்ளே ஏறுகின்றன. அந்த நிலையில் உள்ள ஒரு காரை ஓட்டிவிட்டு, 'இதையா இவ்வளவு புகழ்ந்தார்கள்' என்று முகம் சுளிப்பவர் உண்டு. மலிவான அந்தப் பாகங்களை மாற்றி, கிண்ணத்தில் புதிய ஆயிலை ஊற்றினால், துப்பாக்கியின் போல்ட்டைத் தள்ளுவது போன்ற அந்தப் பழைய துல்லியம் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. மற்ற கார்களிலும் இணைப்புக் கம்பிகளின் புஷ்கள், கேபிள் முனைகள், எஞ்சின் மவுண்ட்கள் ஆகியவற்றைப் பார்த்த பிறகே கியர்பாக்ஸின் மேல் பழி போட வேண்டும்.

குளிர்ந்த நிலையிலும் அவசரத்திலும் தீர்ப்புச் சொல்வது அடுத்தது. உலோகத் தகட்டில் வெட்டிய திறந்த தடங்களுக்குள் லிவர் ஓடும் பழைய ஃபெராரிகளில், ஆயில் சூடேறும்வரை இரண்டாம் கியர் அடம்பிடிக்கும். அதை அறிந்த உரிமையாளர்கள் முதல் சில கிலோமீட்டர்களுக்கு ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போவார்கள். அறியாதவர் தள்ளித் திணித்து, சிங்க்ரோவைத் தேய்த்து, பெரிய செலவை வரவழைத்துக்கொள்வார். போர்ஷே 911இல் 1972 முதல் 1986 வரை இருந்த 915 கியர்பாக்ஸுக்கும் இதுபோன்ற அவப்பெயர் உண்டு. அதில் இருந்தவை போர்ஷேக்கே உரிய வகையிலான சிங்க்ரோக்கள். நியூட்ரலில் ஒரு கணம் நிதானித்து, சீரான அழுத்தத்தோடு தள்ளினால் அவை மிக அழகாக வேலை செய்யும். சுண்டி இழுத்தால் முரண்டு பிடிக்கும். 1987இல் கெட்ராக் நிறுவனத்தின் ஜி50 வந்தபோது, வழக்கமான கூம்பு சிங்க்ரோவும் ஹைட்ராலிக் கிளட்ச்சும் சேர்ந்து யார் கைக்கும் பணிந்துபோகும் கியர்பாக்ஸாக அது அமைந்தது. ஜி50 சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் நல்ல நிலையிலுள்ள ஒரு 915ஐ அதன் தாளத்துக்கு இசைந்து மாற்றிப் பழகியவருக்கு, ஜி50 சற்றே சுவாரசியம் குறைந்ததாகத் தோன்றக்கூடும் என்பது என் எண்ணம்.

ஆயில் விஷயத்தில் நடக்கும் தவறு சுருக்கமாகச் சொல்லக்கூடியது. எஞ்சினின் விசையை இருபுறச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட ஜிஎல்-5 ஆயில், எண் பெரிதாக இருப்பதாலேயே ஜிஎல்-4ஐ விட எல்லா இடத்துக்கும் உயர்ந்தது என்று கருதி ஊற்றிவிடுகிறார்கள். சிங்க்ரோ வேலை செய்வதற்கு உராய்வு வேண்டும். அந்த ஆயிலில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் உராய்வைக் குறைக்கலாம். சில வகைகள் பித்தளையையும் அரிக்கக்கூடும். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே உறைக்குள் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்ளும் 911 போன்ற கார்களில் கணக்கு வேறு. ஆகவே காரின் கையேடு சொல்லும் ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. ஹோண்டா போன்ற நிறுவனங்கள் மேனுவல் கியர்பாக்ஸுக்கென்றே தனி ஆயிலை விற்பது வெறும் வியாபாரத்துக்காக மட்டும் அல்ல.

லிவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது கியர் விகிதங்களை, அதாவது கியர்பாக்ஸின் வெளித்தண்டு ஒருமுறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கை. உண்மையில் சுகத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்பேன். எஸ்2000இன் முதல் வடிவத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை போகும். இரண்டாம் கியரின் விகிதம் 2.045, மூன்றாவதன் விகிதம் 1.481. அந்த உச்சத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் சுற்று ஏறக்குறைய 6,500க்கு இறங்கும். 6,000க்கு அருகில் விழித்துக்கொள்ளும், விடெக் என்னும் ஹோண்டா வால்வு ஏற்பாட்டின் உயர்வேக கேம் இன்னும் வேலையில்தான் இருக்கும். எனவே எஞ்சினின் குரல் அறுபடாமல் அடுத்த கியருக்குத் தொடர்கிறது. கை செய்த வேலைக்கு எஞ்சின் உடனே பதில் சொல்கிறது. இதற்கு நேர்மாறாக, லிவரும் கிளட்ச்சும் குறை சொல்ல முடியாதபடி அமைந்த போர்ஷே கேமன் ஜிடி4இல் இரண்டாம் கியரே மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். பொதுச் சாலையில் அத்தனை நல்ல லிவரைத் தொடுவதற்கே வாய்ப்புக் குறைவு என்று விமர்சகர்கள் வருந்தியதில் நியாயம் இருந்தது. கியர்களின் எண்ணிக்கை கூடினால் இன்பமும் கூடும் என்பதும் இதே கணக்கைப் பார்க்காததால் வரும் பிழைதான். 991 தலைமுறை 911க்குப் போர்ஷே தந்த ஏழு கியர் மேனுவலில் ஏழாவது கியர் நெடுஞ்சாலையில் எரிபொருளைச் சேமிக்க உதவியதே தவிர, வளைந்த சாலையில் அதற்கு வேலை இல்லை.

விகிதங்களைப் பார்க்கத் தொடங்கியவர்கள் தடுக்கி விழும் இடமும் ஒன்று உண்டு. 2015இல் வந்த எம்எக்ஸ்-5இன் முதல் கியர் 5.087, முதல் தலைமுறையில் அது 3.136. இதைப் பார்த்துப் புதிய காரின் முதல் கியர் லாரிக்கு உரியது என்று முடிவுகட்டக் கூடாது. புதியதில் ஆறாவது கியர் நேரடியானது, அதாவது 1.000, கியர்பாக்ஸுக்குப் பிறகு டிஃபரன்ஷியலில் நடக்கும் கடைசிக் குறைப்பின் விகிதம் 2.866. பழைய 1.6 லிட்டர் காரில் அது 4.300. ஒவ்வொரு காரிலும் முதல் கியரையும் கடைசிக் குறைப்பையும் பெருக்கினால், புதியதில் 14.6, பழையதில் 13.5 என்று வரும். அந்த இரு முதல் கியர்களும் உண்மையில் அண்டை வீட்டுக்காரர்கள்தான்.

கியர்பாக்ஸின் கணக்கில் எழுதப்படும் குற்றங்களில் சில கிளட்ச்சுடையவை. பல பிஎம்டபிள்யூ கார்களில் கிளட்ச் ஹைட்ராலிக் குழாயில் திரவத்தின் ஓட்டத்தைத் தடுக்கும் ஒரு சிறு வால்வு இருக்கிறது. காலை எவ்வளவு விரைவாக எடுத்தாலும் கிளட்ச் மெதுவாகவே பிடிக்கும். பழக்கமில்லாதவர் கடிதில் கிளட்ச்சை விட்டு காரைக் குலுங்கவைக்காமலிருக்க இந்த ஏற்பாடு. விரைவாக மாற்ற விரும்புகிறவருக்கோ இது காலின் கணக்கைக் குழப்பி, கியர் மாற்றமே முரட்டுத்தனமாக இருப்பதாகத் தோன்றவைக்கும். அதேபோல், எஞ்சின் சட்டென்று சுற்று ஏறவேண்டும் என்பதற்காக எஞ்சினோடு சுழலும், ஸ்பிரிங்குகள் கொண்ட இரட்டை எடை ஃப்ளைவீல் என்ற கனச் சக்கரத்தை எடுத்துவிட்டு இலகுவான ஒற்றை ஃப்ளைவீலைப் போடுவோர், கார் நின்றபடி எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலில் கியர்பாக்ஸிலிருந்து கடகடவென்று வரும் சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிடுகிறார்கள். எஞ்சினின் அதிர்வை உள்வாங்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங்குகளைத் தாங்களே கழற்றிப் போட்டதன் விளைவு அது.

கீழ்க் கியருக்கு இறங்கும்போது ஆக்சிலரேட்டரை ஒருமுறை உதறுவதைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் மூன்றாம் கியரில் 4,000 சுற்றில் போகும்போது இரண்டுக்கு இறங்கினால், கிளட்ச் பிடிக்கையில் எஞ்சின் 5,680 அளவில் இருக்க வேண்டும். அதற்கு ஏற்றிக்கொடுத்தால் கார் குலுங்காது, கிளட்ச் தேயாது. ஆனால் இதனால் சிங்க்ரோவும் காப்பாற்றப்படுகிறது என்று சொல்வது சரியல்ல. கிளட்ச் மிதித்திருக்கும்போது எஞ்சினை எவ்வளவு உறுமவைத்தாலும் அது கியர்பாக்ஸின் உள்தண்டைத் தொடுவதில்லை. அந்தத் தண்டை வேகமேற்றும் வேலை முழுவதும் சிங்க்ரோவின் தலையில்தான் விழுகிறது. அதன் சுமையைக் குறைக்க வேண்டுமானால், நியூட்ரலில் கிளட்ச்சை விட்டு, எஞ்சினை ஏற்றி, மறுபடி மிதித்துக் கியர் போட வேண்டும். சிங்க்ரோ இல்லாத வண்டிகளை ஓட்டிய நம் பழைய லாரி ஓட்டுநர்களுக்கு இந்த டபுள் கிளட்ச் அன்றாடப் பழக்கம். 2009 மாடல் நிசான் 370இசட் தானே சுற்றை ஏற்றிக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தபோது, அதுவும் கிளட்ச்சைத்தான் காத்தது, சிங்க்ரோவை அல்ல.

லிவரின் மேல் கையை ஊன்றி வைத்தபடியே ஓட்டுவது, சரிவில் ஹாஃப் கிளட்சிலேயே காரை நிறுத்தி வைப்பது ஆகியவற்றை ஓட்டுநர் பள்ளியிலேயே கண்டிப்பார்கள். காரணமும் எல்லோரும் அறிந்ததுதான்.

பழைய கார் ஒன்றை அதன் கியருக்காகவே வாங்கப் போகிறவர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும் அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஒருமுறையும் மூன்றிலிருந்து இரண்டுக்கு, சுற்றை ஏற்றாமல், மெதுவாக இறக்கிப் பார்க்க வேண்டும். குளிரில் மட்டும் தயங்கினால் பெரும்பாலும் ஆயிலின் குணம்; சூட்டிலும் அரைபட்டால் சிங்க்ரோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்; எல்லாக் கியருமே விழ மறுத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் லிவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் காரை விட்டுவிடலாம்.