பிள்ளைகளோடு ஒரு நாள் பூங்கா, கொஞ்சம் தண்ணீர்: முதல்முறை போகிற மலையக வீடுகளுக்கு

பஸ் ஏறினால் ஒன்றரை மணித்தியாலம். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டே நுவரெலியாவை அடுத்த ஹக்கல பூங்காவை ஒரு தடவையும் பார்க்காத குடும்பங்கள் எங்கள் தோட்டத்தில் எத்தனையோ உண்டு. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வேன் வேனாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், நாங்கள் அந்த வேன்களுக்கு வழிவிட்டு ரோட்டோரமாக நிற்கிறோம். காசு ஒரு காரணம், அதை மறைக்க ஒன்றுமில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாதது இன்னொரு காரணம்.

எங்கள் முதல் பயணம் நாசமாகப் போனது அந்த இரண்டாவது காரணத்தால்தான். ஒரே நாளில் விக்டோரியா பூங்கா, கிரகரி வாவி, சீதையம்மன் கோயில், ஹக்கல எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். சின்னவன் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்தான், அத்தைக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, வாவியில் படகுக்கு வரிசையில் நின்றே ஒரு மணித்தியாலம் போனது, கடைசியில் ஹக்கலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி இறங்கி, பூவும் தெரியவில்லை, குரங்கும் தெரியவில்லை. மகள் மட்டும் "அம்மா, நாம மேகத்தப் பாக்கவா வந்தோம்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஏழெட்டுத் தடவை போயாயிற்று. நான் இப்போது செய்கிற மாதிரியே எழுதுகிறேன்.

முதல் படி: மாதத்தைப் பாருங்கள்

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம், நமக்குச் சுலபம். கொழுந்துக்கு எந்தப் பக்கம் நல்ல குணம் வருகிறதோ அந்தப் பக்கம் போங்கள். திம்புள்ள, நுவரெலியாப் பக்கத் தேயிலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெயர். பதுளை, பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கத் தேயிலைக்கு ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பெயர். அந்த மாதங்களில் காய்ந்த காற்று அடிப்பதால்தான் தேயிலையில் அந்த வாசம் ஏறுகிறது, அதே காய்ந்த காற்றுதான் நமக்கும் வெயிலைக் கொண்டுவருகிறது. ஜூலை மாதம் ஹட்டனில் குடையைச் சுருக்க முடியாமல் நனைந்துகொண்டிருக்கும்போது, மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளையில் துணி காய்ந்துகொண்டிருக்கும். நவம்பர், டிசம்பரில் பதுளைப் பக்கம் மழை கூடும்.

ஆக, ஆகஸ்ட் பள்ளி விடுமுறை என்றால் பண்டாரவளை, எல்ல, பதுளை. தைப்பொங்கலுக்குப் பிறகு என்றால் நுவரெலியா. அப்போது விடியற்காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், பல் கிட்டிக்கும், ஆனால் பகல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். ஏப்ரலில் நுவரெலியா வேண்டவே வேண்டாம். வசந்த காலக் கொண்டாட்டம் என்று நாடே அங்கே வந்து நிற்கும், பிள்ளை பூவைப் பார்க்காது, முன்னால் நிற்கிறவரின் முதுகைத்தான் பார்க்கும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு இடம்

இரண்டு இடம் இல்லை, "போகிற வழிதானே" என்று இன்னொன்றும் இல்லை. வீட்டில் யார் மெதுவாக நடப்பாரோ அவரை வைத்து இடத்தைத் தீர்மானியுங்கள்.

முழங்கால் வலிக்கிற பெரியவர் வருகிறார் என்றால் பேராதனைப் பூங்காதான். 147 ஏக்கர், மகாவலி கங்கை மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது, பெரும்பாலும் சமதரை. புல்லில் பாயை விரித்து அத்தையை உட்காரவைத்துவிட்டு நாங்கள் பிள்ளைகளோடு சுற்றுவோம். உயரமான பனைபோன்ற மரங்கள் இரண்டு பக்கமும் வரிசை கட்டிய பாதை, ஒரே மரம் ஒரு மைதானத்துக்கே குடை பிடித்த மாதிரி படர்ந்து நிற்கிற ஜாவா அத்தி, பகலில் தலைகீழாகத் தொங்கிச் சண்டை போடுகிற பழந்தின்னி வௌவால்கள். என் மகனுக்கு வௌவால் போதும், ஓர்கிட் வீட்டுக்குள் அவனை இழுத்துப் போவது வீண். 1901இல் பிரித்தானிய இளவரசராக இருந்து பிறகு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் நட்ட நாகலிங்க மரமும் அங்கே இருக்கிறது. அத்தை அந்தப் பூவைக் கையில் எடுத்து, உள்ளே லிங்கமும் மேலே நாகமும் தெரிகிறது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டியதுதான் அன்றைய பயணத்தில் எனக்கு மிச்சம்.

ஹக்கல அப்படியில்லை, சரிவு. 1861இல் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம், பிறகுதான் பூங்காவானது. ஏற இறங்கக் கால் வேண்டும். ஆனால் ரோசாத் தோட்டமும், பின்னால் நிற்கிற அந்தப் பாறையும், அடர்ந்த மயிருள்ள மலைக்குரங்குகளும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் போகிற பஸ் வாசலிலேயே இறக்கிவிடும். சீதையம்மன் கோயில் அதே ரோட்டில்தான், வரும் வழியில் ஒரு கும்பிடு போடலாம். சரி, ஒரே இடம் என்று சொன்னேன், சாமி அந்தக் கணக்கில் வராது.

கைக்குழந்தையும் நாலைந்து வயதுப் பிள்ளையும் மட்டும் என்றால் நுவரெலியா டவுனுக்குள் இருக்கிற விக்டோரியா பூங்காவே தாராளம். ஹோர்டன் சமவெளியை முதல் பயணத்துக்கு எடுக்காதீர்கள். உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி வர ஒன்பது கிலோமீட்டர் அளவு நடை, அதுவும் 2,100 மீட்டருக்கு மேலான உயரத்தில். காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றால்தான் பனிக்கு முன்னால் ஏதாவது தெரியும். பிள்ளைக்குப் பத்து வயதாகட்டும்.

மூன்றாம் படி: முதல் பஸ்

மலையில் காலை நம்முடையது, பின்னேரம் மழையுடையது. ஏழரை, எட்டுக்குப் பூங்கா வாசலில் நிற்கவேண்டும், ஒரு மணிக்குத் திரும்பப் புறப்பட்டுவிடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வேலை இல்லை என்கிறவர்களுக்கும் இதுதான் வழி, ஏனென்றால் ஞாயிற்றுக் கூட்டம் பத்து மணிக்குப் பிறகுதான் வந்து சேரும்.

வாந்திக்கு: வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள், வயிறு முட்டக் கொடுத்தும் ஏற்றாதீர்கள். அரை ரொட்டி, சாயத்தண்ணி, போதும். பஸ்ஸில் முன்பக்கம், யன்னலோரம், போன் கையில் கொடுக்கக்கூடாது. தேசிக்காயை நகத்தால் கீறி மூக்குக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அப்படியும் எடுத்தால் எடுக்கட்டும், இரண்டு ஷொப்பிங் பேக்கும் ஒரு மாற்றுச் சட்டையும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், மூட்டையின் அடியில் இல்லை.

நான்காம் படி: மூட்டை

சாப்பாட்டை வீட்டிலேயே கட்டுங்கள். ரொட்டியும் காய்ந்த சம்பலும் மத்தியானம் வரை தாங்கும், தேங்காய்ச் சம்பல் வெயிலில் புளித்துப்போகும், அதனால் பேராதனைக்கு வேண்டாம். நான் வாழையிலையில் மடித்து டிபனில் வைக்கிறேன். ஹோர்டன் சமவெளியில் வாசலிலேயே பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், அந்தப் பழக்கத்தை எல்லா இடத்துக்கும் வைத்துக்கொண்டால் குப்பையும் இல்லை. குரங்கு உள்ள இடத்தில் சாப்பாட்டுப் பையைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், குரங்கு யார் சின்ன ஆள் என்று பார்த்துத்தான் வரும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்வெட்டர், பெரியவர்களின் அடையாள அட்டை, குடை, ஒரு பழைய சேலை. சேலை எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

மழைக்குப் பிறகு கண்டி உடவத்தகெலே மாதிரிக் காட்டுக்குள் போனால் இரத்தம் குடிக்கிற அட்டை காலில் ஏறும். கொழுந்து பறிக்கிற அம்மாக்களுக்கு அட்டையைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. டவுன் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பிடித்து இழுக்காதே, வாய் இருக்கிற பக்கம் நகத்தைப் படுக்கவைத்துத் தள்ளு, விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஏதோ விட்டிருக்கும், அதனால் கொஞ்ச நேரம் வழியும், துணியால் அழுத்திப் பிடி, அழாதே.

ஐந்தாம் படி: தண்ணீர்

பிள்ளைகளுக்கு மரமும் பூவும் ஒரு சாக்கு, மனசெல்லாம் தண்ணீரில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

அருவியின் அடியில் குளிக்க விடாதீர்கள். எல்லவிலிருந்து வெல்லவாய போகிற ரோட்டோரம் இருக்கிற இராவணன் நீர்வீழ்ச்சி பார்க்க அழகு, பாறை எண்ணெய் பூசின மாதிரி வழுக்கும். பதுளை துன்ஹிந்தவும் பார்க்கப் போகிற இடம்தான், அந்தப் புகை மாதிரிச் சாரலில் முகம் நனைந்தாலே போதும். கால் நனைக்க ஆசையென்றால், அடி தெரிகிற, பெரியவருக்கு முழங்காலுக்குக் கீழே நிற்கிற, ஓட்டம் மெதுவான ஓடையைத் தேடுங்கள். அங்கே தினமும் துணி துவைக்கிறவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாத குழி இல்லை.

நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும் மேல் மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறுகிறதா, சருகும் குச்சியும் மிதந்து வருகிறதா, சத்தம் கூடுகிறதா? செருப்பைக்கூட எடுக்காமல் கரையேறுங்கள். அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் இறங்கவே வேண்டாம். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையின் வான்கதவு திறந்தால் என்ன வரும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் கை எட்டுகிற தூரத்தில் இருக்கவேண்டும், போன் பையில். "எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் முறை வைக்கிறோம், கால் மணித்தியாலம் இவர், கால் மணித்தியாலம் நான். மூழ்குகிற பிள்ளை படத்தில் வருகிற மாதிரிக் கத்தாது, சத்தமே வராது. யாராவது இழுபட்டால் நீச்சல் தெரியாதவர் பின்னால் குதிக்கக்கூடாது. அந்தப் பழைய சேலையை வீசுங்கள், ஐந்தரை மீட்டர் வரும், கரையில் இரண்டு பேர் பிடித்து இழுக்கலாம். அம்புலன்ஸுக்கு 1990 என்ற நம்பருக்கு அடியுங்கள், காசு கட்டத் தேவையில்லை. உதடு நீலமாகி நடுங்கத் தொடங்கினால் விளையாட்டு முடிந்தது, அழுதாலும் தூக்கித் துடைத்து ஸ்வெட்டரைப் போடுங்கள்.

வாவியில் படகு என்றால், மிதக்கவைக்கிற உயிர்காப்பு அங்கி பிள்ளையின் அளவுக்குக் கேளுங்கள். பெரியவருடையதைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது மேலே போகும், பிள்ளை கீழே போகும்.

சறுக்கு விளையாட்டுள்ள நீர்ப்பூங்காவா?

அதற்கு மலையை விட்டு இறங்கவேண்டும். ஹட்டன்காரர்கள் கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக ஹங்வெல்லைப் பக்கம் லெஷர் வேர்ல்டுக்குப் போகிறார்கள். இப்படியான இடங்களில் பொதுவாகப் பருத்திச் சட்டையோடும் டெனிமோடும் குளத்தில் இறங்க விடமாட்டார்கள், நீச்சல் உடையோ நைலோன் துணியோ கேட்பார்கள், பெரிய சறுக்குகளுக்கு உயரக் கணக்கு உண்டு. போன் எடுத்து உடை, உயரம், டிக்கட், சாப்பாடு கொண்டுபோகலாமா, நான்கையும் முதல்நாளே கேட்டுவிடுங்கள். அங்கே வெயில் நம்முடைய வெயில் இல்லை, பிள்ளைக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் காசு வீண் என்பது என் எண்ணம். நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள், அதே சந்தோஷம்.

திரும்பும்போது நனைந்த துணியை மற்றத் துணியோடு போடாமல் தனியாகக் கட்டுங்கள். இரண்டு மணி பஸ்ஸில் சின்னவன் தூங்கிவிடுவான், மகள் யன்னலோரம் கேட்பாள். சரியாக நானுஓயா தாண்டும்போது மழை தொடங்கும்.