இதயச் செயலிழப்பு உள்ளவருக்குச் சிறுநீர்க் குழாயும் இருந்தால்: வீட்டுப் பராமரிப்பு முறை

வயது முதிர்ந்த ஆண்களுக்கு இதயச் செயலிழப்பும் (ரத்தத்தைப் போதிய அளவு இறைக்க முடியாமல் இதயம் தளர்வது) புராஸ்டேட் சுரப்பி வீக்கமும் சேர்ந்தே இருப்பது அரிதல்ல. மூச்சுத்திணறலுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு அங்கே சிறுநீர் அடைத்துக்கொண்டால், அதை வெளியேற்றும் குழாய் (கதீட்டர்) பொருத்துவார்கள். பிறகு நீரைப் பிரிக்கும் ஃபுரோஸ்மைடு மாத்திரை, குழாயிலிருந்து சிறுநீர் வந்து சேரும் பை, இரண்டு துறைகளின் மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றுடன் வீட்டுக்கு அனுப்புவார்கள். அன்று மாலையே குழப்பம் தொடங்கிவிடும். நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் நீர் வேண்டாம் என்று இதய மருத்துவர் சொல்லியிருப்பார். குழாய் உள்ளவர் நிறையத் தண்ணீர் குடித்தால்தான் தொற்று வராது என்று மற்றொரு பக்கம் சொல்லப்படும், பார்க்க வரும் உறவினர்களும் அதையே சொல்வார்கள்.

இதில் வீட்டார் தாமாக முடிவெடுக்கக் கூடாது. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன், இரண்டு மருத்துவர்களுக்கும் பொதுவான ஒரே ஓர் அளவை மில்லிலிட்டரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி வாங்கத் தவறியிருந்தால், மறுபடி கேட்டுத் தெளியும் வரை இதயத்துக்காகச் சொல்லப்பட்ட வரம்பையே மேல் வரம்பாக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. எல்லா இதய நோயாளிகளுக்கும் நீர்க் கட்டுப்பாடு தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவர் வரம்பு எதுவும் விதிக்காதபோது பயத்தினால் நாமே தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகும், குழாயில் படிவு சேரும், மலச்சிக்கலும் வந்து சேரும்.

ஒரு நோட்டும் எடைக்கருவியும்

பராமரிப்பின் பாதி வேலையை ஒரு நோட்டுப் புத்தகம் செய்துவிடும். தேதி, காலை எடை, உட்கொண்ட நீர், வெளியேறிய சிறுநீர், காலில் வீக்கம், மூச்சு முட்டாமல் படுக்க இரவில் எத்தனை தலையணை என்ற ஆறு கட்டங்கள் போதும்.

இவற்றில் முதன்மையானது எடை. காலையில் எழுந்து மலம் கழித்த பிறகு, உணவுக்கு முன், ஒரே கருவியில், ஏறக்குறைய ஒரே மாதிரியான உடையில், பாயோ விரிப்போ இல்லாத கெட்டியான தரையில் நிறுத்தி எடை பார்க்க வேண்டும். குழாய் உள்ளவர்களிடம் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சிறுநீர் சேரும் பை வழக்கமாக 2 லிட்டர் கொள்ளும். நிரம்பிய பையைக் கையில் பிடித்தபடி ஏறி நின்றால் எடை 2 கிலோ வரை கூடிக் காட்டும். எனவே பையைக் காலி செய்த பிறகே எடை பார்க்க வேண்டும். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, மூன்று நாட்களில் 2 கிலோவோ கூடினால், அது உடலில் தங்கிய நீர் என்றே கொண்டு அன்றைக்கே மருத்துவரை அழைக்க வேண்டும். மூச்சுத்திணறல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எடை தொடர்ந்து இறங்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றலும் இருந்தால் அது எதிர்ப்பக்க ஆபத்து, அதாவது உடலில் நீர் வற்றுவது. வியர்வை கொட்டும் சித்திரை வைகாசியிலும், வயிற்றுப்போக்கு வந்த நாளிலும், வழக்கமான ஃபுரோஸ்மைடு அளவே மிகையாகிவிடக் கூடும். அப்போதும் மருத்துவரைக் கேட்டுத்தான் மாத்திரையைக் குறைக்க வேண்டும்.

உட்கொள்ளும் நீர் என்றால் தண்ணீர் மட்டும் அல்ல. காபி, பால், கஞ்சி, மோர், ரசம், பழச்சாறு அனைத்தும் கணக்கில் சேரும். வீட்டு டம்ளர் எத்தனை மில்லி கொள்ளும் என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் பிறகு டம்ளர் கணக்கிலேயே எழுதலாம். அன்றைய முழு அளவையும் காலையிலேயே ஒரு பாட்டிலில் எடுத்து வைத்து, காபி குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து ஊற்றிவிடுவது, கணக்கெழுதச் சலிப்படையும் வீடுகளுக்கு எளிதாக இருக்கும். தாகம் அதிகமானால் வாயைக் கொப்பளித்துத் துப்பச் செய்யலாம்.

வெளியேறும் சிறுநீரைப் பையில் உள்ள கோடுகளை வைத்து மதிப்பிடாமல், அளவுக் குவளையில் பிடித்து அளக்க வேண்டும்; அந்தக் கோடுகள் தோராயமானவை. பெரியவர்களுக்கு மணிக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு அரை மில்லி என்பது குறைந்தபட்ச அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி. இதைவிடக் குறைந்துகொண்டே போனால் குழாய் அடைத்திருக்கலாம், உடலில் நீர் வற்றியிருக்கலாம், அல்லது இதயம் தளர்ந்து சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாமல் இருக்கலாம். குழாய் இல்லாமல் டயப்பர் பயன்படுத்துபவருக்கு, நனைந்த டயப்பரின் எடையிலிருந்து உலர்ந்ததன் எடையைக் கழித்து, 1 கிராமுக்கு 1 மில்லி என்று எழுதலாம்.

வீக்கத்தைப் பார்க்கக் கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது ஐந்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்று தெரியும். படுக்கையிலேயே இருப்பவருக்குக் கால் வற்றியதுபோல் தோன்றும், நீரோ முதுகின் அடிப்பகுதியில் இறங்கியிருக்கும். அவரைப் பக்கவாட்டில் திருப்பி அங்கே அழுத்திப் பார்க்க வேண்டும். வீங்கிய தோல் எளிதில் புண்ணாகும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவதும் இதே வேலையோடு சேர்ந்தது.

குழாயைக் கையாளும் முறை

குழாயைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கையுறை அணிந்தாலும் இது மாறாது. குழாய் நுழையும் இடத்தை நாள்தோறும் சாதாரண சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடலிலிருந்து வெளிநோக்கிக் குழாயைத் துடைத்தால் போதும். டெட்டால், பவுடர், களிம்பு எதுவும் வேண்டாம். அவை புண்ணாக்குமே தவிரத் தொற்றைத் தடுப்பதில்லை. ஆண்களுக்கு முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவிய பிறகு, மறவாமல் பழைய இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். மறந்தால் தோல் இறுகி வீங்கி, அவசரச் சிகிச்சை தேவைப்படும். பெண்களுக்கு முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக மட்டுமே துடைக்க வேண்டும்.

குழாயைத் தொடையில் பட்டையோ பிளாஸ்திரியோ கொண்டு சற்றே தளர்வாக ஒட்டி, சில நாட்களுக்கு ஒருமுறை தொடையை மாற்ற வேண்டும். உள்ளே குழாயைப் பிடித்து நிறுத்துவது நீர் நிரப்பிய சிறு பலூன். திடீரென்று இழுபட்டால் அது சிறுநீர்ப் பாதையைக் கிழித்து ரத்தம் வரவைக்கும். இரவில் குழப்பத்தில் குழாயைப் பிடித்து இழுக்கும் முதியவர்களுக்குக் கையைக் கட்டுவதைவிட, லுங்கிக்கு உள்ளே குழாயைக் கால்பக்கமாகக் கொண்டுபோய்க் கண்ணில் படாமல் செய்வது நல்லது.

பை எப்போதும் உடலுக்குள் உள்ள சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும்; தரையில் படவும் கூடாது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது பையை நோயாளியின் மடியில் வைப்பது வழக்கமாகிவிட்ட தவறு. பழைய சிறுநீர் அப்போது உள்ளே திரும்பி ஓடும். மாற்றும் முன்பே காலி செய்துவிட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும், நிரம்பாவிட்டாலும் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தனிப் பாத்திரத்தில் திறந்துவிட வேண்டும். திறப்பின் நுனி பாத்திரத்தைத் தொடக் கூடாது. குழாயையும் பையையும் இணைத்த இடத்தைக் காரணமின்றிக் கழற்றக் கூடாது, வீட்டில் ஊசிக்குழல் கொண்டு நீர் பாய்ச்சவும் கூடாது. குழாய் போட்ட தேதி, குழாயின் அளவு எண், பலூனில் நிரப்பிய நீரின் அளவு ஆகிய மூன்றும் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். முழுச் சிலிகான் குழாய் 12 வாரம் வரை தாங்கக்கூடும், லேடெக்ஸ் குழாயை அதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும்.

நீர் வரத்து நின்றால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, உடம்புக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலச்சிக்கலும் குழாயை நெருக்கும். மலம் கழிக்க முக்குவது இதயத்துக்கும் சுமை என்பதால் இதைத் தனியாகக் கவனித்து மருந்து கேட்டு வாங்க வேண்டும். அடிவயிறு உப்பி வலித்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் குழாய் இருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமிகள் இருக்கும். கலங்கல், வாடை ஆகியவற்றை மட்டும் வைத்து ஆன்டிபயாட்டிக் கொடுப்பது, பின்னாளில் உண்மையான தொற்று வரும்போது மருந்து வேலை செய்யாமல் போகவே வழிசெய்யும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்கத்திலோ அடிவயிற்றிலோ வலி, திடீர் மனக்குழப்பம் ஆகியவையே பரிசோதனைக்கான காரணங்கள். அப்போதும் பையிலிருந்து எடுத்த சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கக் கூடாது. குழாய் இரண்டு வாரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் புதிய குழாய் போட்டு அதிலிருந்து மாதிரி எடுப்பதே சரி.

மருந்துக் கடையிலும் சமையலறையிலும்

இரண்டு நோய்களும் ஒன்றோடொன்று மோதும் இடம் மருந்துகள்தாம். மூட்டுவலிக்கு நாம் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை உடலில் நீரைத் தேக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சளிக்கும் மூக்கடைப்புக்கும் தரும் பல மருந்துகள் சிறுநீரை அடைக்கும். சிறுநீர் எரிச்சலுக்குத் தரும் சிட்ரேட் சிரப்புகள் சிலவற்றில் சோடியம் உண்டு. அது உப்புக் கணக்கில் வந்துவிடும். பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் நீர் மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோன் உட்கொள்பவருக்குத் தொற்றுக்காகக் கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் சேர்த்தால் ரத்தத்தில் பொட்டாசியம் அபாயமான அளவுக்கு ஏறலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்பவருக்கு எந்த ஆன்டிபயாட்டிக் எழுதினாலும், வார்ஃபரின் உட்கொள்வதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் ஃபுரோஸ்மைடுடன் சேரும்போது நிற்கையில் ரத்த அழுத்தம் இறங்கும். படுக்கையிலிருந்து எழுபவர் ஓரத்தில் சற்று உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும். இதயச் செயலிழப்புக்கு இப்போது பரவலாகத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதால், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரக்கூடும். அரிப்பும் வெண்படிவும் தெரிந்தால் சொல்ல வேண்டும்.

குழாய் இல்லாதவருக்கு ஃபுரோஸ்மைடின் இரண்டாவது வேளையைப் பிற்பகலிலேயே கொடுத்துவிட மருத்துவரிடம் அனுமதி கேட்கலாம். நள்ளிரவில் கழிப்பறைக்கு நடந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவதைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவை அந்த அளவை ஒரே வேளையில் தின்றுவிடும். உப்புக்குப் பதிலாக விற்கப்படும் குறைந்த சோடிய உப்பில் பொட்டாசியம் இருப்பதால் கேட்காமல் தரக் கூடாது. நீர்க்கடுப்புக்கு நம் வீடுகளில் கொடுக்கும் இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் பொட்டாசியம் நிறைந்தவை, நீர்க் கணக்கிலும் சேர்பவை. நெருஞ்சில் கஷாயம் போன்றவை நீரைப் பிரிக்கும் மாத்திரையோடு இணையாகச் செயல்படலாம் என்பதால், கொடுப்பதாக இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்தே தூங்குவது, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி, நெஞ்சுவலி, மயக்கம், நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீரில் கட்டிகட்டியாக ரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும் வரை, மூச்சுத்திணறல் உள்ளவரைக் கால் தொங்க உட்கார வைக்கலாம். மயங்கியவரைப் படுக்க வைக்க வேண்டும். நோட்டும் மருந்துச் சீட்டுகளும் கூடவே போக வேண்டும்.

ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் கேட்க வேண்டிய கேள்வி, குழாய் இன்னும் தேவையா என்பதே. எடுத்துவிடலாம் என்றால் டாம்சுலோசின் சில நாட்கள் கொடுத்த பிறகு, வழக்கமாகக் காலை வேளையில் எடுப்பார்கள். அன்று அதிகத் தண்ணீர் குடிக்கச் சொன்னாலும் இதய மருத்துவரின் வரம்பைத் தாண்டக் கூடாது. முதலில் வரும் சிறுநீரை அளந்து, வந்த நேரத்தையும் எழுத வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் போகவில்லை என்றாலோ, சொட்டுச் சொட்டாக வந்து அடிவயிறு உப்பினாலோ, இரவு வரை காத்திராமல் அன்று பகலிலேயே குழாய் எடுத்த இடத்துக்குத் திரும்ப அழைத்துச் செல்ல வேண்டும்.