டிசி மேல் வரும் சின்ன ஏசியை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஸ்கோப் (அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) பிடிப்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, முன்பு நானும் செய்தவைதான். புரோபின் (சர்க்கியூட்டைத் தொடும் முனையுள்ள ஒயர்) 1எக்ஸ், 10எக்ஸ் சுவிட்ச் மாறிக் கிடப்பது போன்றவை ஒருமுறை பட்டாலே திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். தப்பான எண்ணைக் காட்டிக்கொண்டே எல்லாம் சரியாக இருப்பது போல நம்பவைக்கும் தவறுகள்தான் ஆபத்தானவை.

பெரிய ஸ்கேலில் சின்னதைத் தேடுவது

12 வோல்ட் டிசி முழுவதும் திரைக்குள் அடங்க, டிவிஷனுக்கு (திரையின் ஒரு கட்டத்துக்கு) 2 வோல்ட் வைக்கிறோம். 8 டிவிஷனுக்கு 16 வோல்ட். 8 பிட் ஸ்கோப் அதை 256 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 62.5 மில்லிவோல்ட். 5 மில்லிவோல்ட் ரிப்பிள், அதாவது டிசி மேல் வரும் சின்ன ஏசி, அந்த ஒரு படிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

ஏசி கப்ளிங்கைக் கண்ணை மூடி நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஏசி கப்ளிங் என்பது டிசியைத் தடுத்து ஏசியை மட்டும் காட்டும் ஸ்கோப் பட்டன். அந்த பட்டனை அழுத்தினால் சிக்னலின் வழியில் ஒரு கெப்பாசிட்டர் வந்து உட்காருகிறது. அதுவும் 1 மெகா ஓம் இன்புட்டும் சேர்ந்தால் ஒரு ஹை பாஸ் ஃபில்டர், அதாவது வேகமானதை விட்டு மெதுவானதைத் தடுக்கும் வடிகட்டி. பல ஸ்கோப்களில் அதன் கட்-ஆஃப் (தடுக்கத் தொடங்கும் எல்லை) சில ஹெர்ட்ஸிலிருந்து 10 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். டிசியோடு சேர்த்து, மெதுவாக வரும் ஏசியையும் அது தின்றுவிடும்.

விரல் நுனியில் வைக்கும் நாடித்துடிப்பு சென்சாரோடு ஒரு மாணவர் வாரக்கணக்கில் போராடியதைப் பார்த்தேன். டிசி மேல் அழகாக ஏறி இறங்க வேண்டிய அலை, திரையில் குட்டிக் குட்டி முட்களாகத் தெரிந்தது. எல்இடி கரண்டைக் கூட்டினார். ஆம்ப்ளிஃபயர் கெயினை ஏற்றினார். கடைசியில் போர்டையே மாற்றி வரைந்து, புதிதாகச் செய்ய அனுப்பிவிட்டார். பழைய போர்டில் ஒரு பழுதும் இல்லை! நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் 1 ஹெர்ட்ஸ். கட்-ஆஃப் 10 ஹெர்ட்ஸாக இருந்தால் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அலையின் வேகமான பகுதி மட்டும் முள்ளாக மிஞ்சும். டிசி கப்ளிங்குக்கு மாற்றிய உடனே முழு அலையும் வந்து நின்றது. போர்டுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

கணக்கை மனதில் வைத்திருங்கள். கட்-ஆஃபிலேயே இருக்கும் சிக்னல் சுமார் 30 சதவீதம் குறைந்து தெரியும். மூன்று மடங்கு மேலே இருந்தால் 5 சதவீதம். பிழை 1 சதவீதத்துக்குள் நிற்க, 7 மடங்காவது மேலே இருக்க வேண்டும். சதுர அலையின் தட்டையான தலை சரிந்து தெரிந்தால், சர்க்கியூட்டைத் திட்டும் முன் கப்ளிங்கைப் பாருங்கள். 10எக்ஸ் புரோப் போட்டால் கட்-ஆஃப் பத்து மடங்கு கீழே இறங்கும், ஆனால் சிக்னலும் பத்தில் ஒன்றாகிவிடும்.

மெதுவான சிக்னல் என்றால் நான் டிசி கப்ளிங்கிலேயே இருந்து, ஸ்கோப்பின் ஆஃப்செட்டால் டிசியைக் கழிப்பேன். ஆஃப்செட் எட்டாவிட்டால், அதே அளவு நிலையான டிசியை இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயரின் இன்னொரு இன்புட்டில் கொடுத்து வித்தியாசத்தை மட்டும் பெருக்கிக்கொள்ளலாம்.

பொறுக்காமல் ரீடிங் எடுப்பது

நாமே கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் போட்டுக் கட்-ஆஃபைக் கீழே இறக்கினால் காத்திருப்பு நீளும். 1 மைக்ரோ ஃபாரட், 1.6 மெகா ஓம் போட்டால் கட்-ஆஃப் 0.1 ஹெர்ட்ஸ். 12 வோல்ட்டில் இணைத்தபின் மிச்ச டிசி 1 மில்லிவோல்ட்டுக்கு இறங்க 15 விநாடி ஆகும். அதற்குள் எடுக்கும் ரீடிங் எல்லாம் குப்பை.

நீண்ட கிரவுண்ட் ஒயர்

புரோப் முனையையும் கிரவுண்ட் கிளிப்பையும் போர்டின் ஒரே கிரவுண்ட் புள்ளியில் வையுங்கள். அப்போதும் திரையில் தெரிவது உங்கள் ரிப்பிள் இல்லை, நீண்ட ஒயர் பிடித்துக்கொண்ட இரைச்சல்.

கைக்குக் கிடைத்த செராமிக்கைக் கப்ளிங்குக்குப் போடுவது

எக்ஸ்7ஆர் போன்ற செராமிக் கெப்பாசிட்டர்கள் டிசி ஏறினால் மதிப்பில் குறையும். நீங்கள் கணக்கிட்ட கட்-ஆஃப் மேலே நகர்ந்துவிடும். பென்சிலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், திரையில் கோடு துள்ளும். ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள்.

மல்ட்டிமீட்டரின் ஏசி ரேஞ்ச்

50 ஹெர்ட்ஸுக்குச் சரி. 100 கிலோஹெர்ட்ஸ் ரிப்பிளுக்கு அது காட்டும் எண்ணை நோட்டில் எழுதாதீர்கள்.