மஞ்சள் பூசணி மசாலா சிரப்: இலையுதிர் காலப் பானங்களுக்காக வீட்டில் காய்ச்சும் முறை

அமெரிக்காவிலும் கனடாவிலும் செப்டம்பர் பிறந்து காலைக் காற்றில் குளிர் ஏறத் தொடங்கியதும், காப்பிக்கடைகளின் பட்டியலில் 'பம்ப்கின் ஸ்பைஸ்' என்ற பெயர் இடம்பிடித்துவிடுகிறது. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய 'பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே' என்னும் பால் காப்பிதான் இந்தச் சுவையைப் பானங்களில் பரவலாக்கியது. ஆயினும் அதில் பூசணி விழுது சேர்க்கப்பட்டது 2015இல்தான். அதுவரை பூசணியின் சுவை என்று எண்ணி மக்கள் விரும்பிக் குடித்தது, அங்கே 'பம்ப்கின் பை' என்னும் பண்டத்தில் சேர்க்கப்படும் பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய் ஆகியவற்றின் மணத்தைத்தான். முதன்முறையாக இந்த சிரப்பைக் காய்ச்சுபவர் இதை நினைவில் கொள்வது நல்லது. பூசணி நிறத்தையும் மெல்லிய இனிப்பையும் சற்றே கெட்டியான தன்மையையும் தருகிறது. மணம் முழுவதும் மசாலாவைக் கையாளும் விதத்தில் இருக்கிறது.

தேவையானவை

தண்ணீர் ஒரு கப் (240 மில்லி), வெள்ளைச் சர்க்கரை 100 கிராம், பழுப்புச் சர்க்கரை 100 கிராம், பூசணி விழுது கால் கப் (ஏறத்தாழ 60 கிராம்), விரல் நீளப் பட்டை இரண்டு, கிராம்பு ஐந்து, ஆல்ஸ்பைஸ் (மிளகு போன்ற, காயவைத்த ஒரு வகைக் காய்) நான்கு மணிகள், கட்டைவிரல் அளவுள்ள சுக்குத் துண்டு ஒன்று, துருவிய ஜாதிக்காய் கால் தேக்கரண்டி, வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவை போதும். இந்த அளவில் சுமார் 300 மில்லி சிரப் கிடைக்கும். ஆல்ஸ்பைஸ் கிடைக்காவிட்டால் ஒரு கிராம்பைக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் கூட்டினால் கிராம்பின் காரமே மற்ற எல்லா மணத்தையும் அமுக்கிவிடும்.

பழுப்புச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம் சேர்க்கலாமே என்று தோன்றக்கூடும். இந்த சிரப் பெரும்பாலும் சூடான பாலில் கலக்கப்படுவதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கொதிக்கும் பாலில் வெல்லம் பட்டால் பால் திரிந்துபோவதைப் பாயசம் செய்பவர்கள் நன்கு அறிவார்கள்.

பூசணி விழுது

கடையில் டப்பாவில் வாங்குவதாக இருந்தால், பூசணி விழுது மட்டும் உள்ளதா என்று பொருட்பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். அதே அலமாரியில், ஏறக்குறைய அதே தோற்றத்தில், 'பம்ப்கின் பை ஃபில்லிங்' என்ற டப்பாவும் இருக்கும். அதில் சர்க்கரையும் மசாலாவும் முன்னரே கலந்திருப்பதால் நம் அளவுகள் எல்லாம் தவறிவிடும்.

விழுதை வீட்டிலேயே செய்ய விரும்பினால், ஹாலோவீனுக்கு முகம் செதுக்க விற்கும் பெரிய பூசணியைத் தவிர்த்துவிடுங்கள். அதன் சதை நார் நிறைந்தது, நீர்த்தது, சுவையும் குறைவு. 'சுகர் பம்ப்கின்' என்று விற்கப்படும் சிறிய வகையோ, நம் ஊர்ப் பரங்கிக்காயின் நெருங்கிய உறவான பட்டர்நட் ஸ்குவாஷோ இதற்கு மிகப் பொருத்தமானவை. இரண்டாகப் பிளந்து, விதைகளை நீக்கி, வெட்டிய பக்கம் கீழே இருக்குமாறு தட்டில் கவிழ்த்து, 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஓவனில் சுட்டெடுங்கள். கத்தி தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது என்று பொருள். சதையை வழித்து அரைத்து, மெல்லிய துணியில் அரை மணி நேரம் வடியவிட்டால் கெட்டியான விழுது கிடைக்கும். வேகவைப்பதைவிடச் சுடுவதே மேல் என்பது என் அனுபவம். நீர் வற்றுவதால் இனிப்பு கூடுகிறது.

காய்ச்சும் முறை

முதலில் பட்டையை இரண்டிரண்டாக ஒடித்து, சுக்கை நசுக்கி, ஆல்ஸ்பைஸை ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். அடிகனமான பாத்திரத்தில் இவற்றையும் கிராம்பையும் போட்டு, எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் வாசனை எழும்வரை ஒரு நிமிடம் வறுங்கள். மசாலாவைப் பொடியாகச் சேர்க்க வேண்டாம் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பட்டைப் பொடி சர்க்கரைப் பாகில் கரைவதில்லை; அது நீரை உறிஞ்சி ஊதிக் கொழகொழப்பாகிவிடும், எந்த வடிகட்டியாலும் அதைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. முதன்முறை செய்தபோது நான் பொடியைத்தான் போட்டேன். மறுநாள் புட்டியின் பாதி வரை சளி போலத் திரண்டு நின்றது.

அடுத்து தண்ணீரையும் இரு சர்க்கரைகளையும் உப்பையும் சேர்த்து, சர்க்கரை கரையும்வரை கிளறி, கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் காய்ச்சுங்கள். சுக்கு இந்தக் கட்டத்திலேயே கொதித்தாக வேண்டும். இஞ்சியில் பாலைத் திரியச் செய்யும் நொதி ஒன்று உண்டு. கொதிக்கும்போது அது செயலிழந்துவிடுவதால் பின்னர் பாலில் கலந்தாலும் தொல்லை இருக்காது.

இப்போது பூசணி விழுதைச் சேர்த்து, கட்டியில்லாமல் அடித்துக் கலக்கி, மேலும் எட்டு நிமிடம் சிறு தீயில் வைத்திருங்கள். அடிபிடிக்கும் வாய்ப்பு இந்த நேரத்தில்தான் அதிகம். பாகை இரு விரல்களுக்கிடையே தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும் பிசுக்குப் பதமே போதும். கம்பிப் பதம் வரை விட்டுவிட்டால் ஆறியதும் இறுகி, குளிர்ந்த பானத்தில் கரையாமல் அடியில் தங்கிவிடும். பதம் தாண்டியதாகத் தெரிந்தால் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் ஊற்றிச் சரிசெய்யலாம்.

அடுப்பை அணைத்த பிறகே ஜாதிக்காயைச் சேருங்கள், அதன் மணம் கொதியில் பறந்துவிடும். மூடி வைத்து இருபது நிமிடம் கழித்து, ஈரமான மெல்லிய துணியில் ஊற்றித் தானாக வடியவிடுங்கள். அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் சக்கையும் சேர்ந்து இறங்கி சிரப் கலங்கிவிடும். முழுவதும் ஆறியதும் வெனிலாவைக் கலந்து, வெந்நீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் நிரப்புங்கள்.

பாதுகாப்பது

ஃபிரிட்ஜில் வைத்து பத்து நாட்களுக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. பூசணியில் புளிப்புத்தன்மை மிகக் குறைவு என்பதால் இதை வெறும் சர்க்கரைப் பாகு போல எண்ணி வெளியில் வைக்கக் கூடாது. காற்றுப் புகாமல் புட்டியில் அடைத்து, கொதிநீரில் வைத்து, மாதக்கணக்கில் அலமாரியில் சேமிக்கும் முறையையும் தயவுசெய்து இதற்குக் கையாளாதீர்கள். பூசணி விழுதை வீட்டில் அவ்வாறு அடைப்பது பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோய்க்கு இடம் தரும் என்பதால் அமெரிக்க வேளாண் துறை அதைப் பரிந்துரைப்பதில்லை. அதிகமாகக் காய்ச்சிவிட்டால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து இரண்டு மாதம் வரை எடுத்துப் பயன்படுத்தலாம்.

பானங்களில்

ஒரு கப் சூடான பாலுக்கும் 30 மில்லி எஸ்பிரெசோவுக்கும் இரண்டு மேசைக்கரண்டி சிரப் சரியாக இருக்கும். அதிலேயே சுமார் 20 கிராம் சர்க்கரை இருப்பதால் வேறு இனிப்பு தேவையில்லை. இனிப்பைக் குறைப்பவர்கள் ஒரு கரண்டியில் தொடங்கலாம். எஸ்பிரெசோ இயந்திரம் இல்லாதவர்கள் ஃபில்டரில் இறக்கிய முதல் டிகாக்‌ஷனை அதே அளவில் ஊற்றலாம், ஆனால் சிக்கரி கலக்காத தூளாக இருக்கட்டும். சிக்கரியின் கசப்பு ஜாதிக்காயோடு ஒத்துப்போவதில்லை. சூடாக்கிய ஆப்பிள் சைடரில் (அங்கே வடிகட்டாத ஆப்பிள் சாற்றுக்குப் பெயர்) ஒரு கரண்டி கலந்தாலும் மிக நன்றாக இருக்கும். எதில் ஊற்றினாலும் முன்னதாகப் புட்டியை நன்கு குலுக்கிக்கொள்ளுங்கள், பூசணி அடியில் படிந்திருக்கும்.