டீச்சருக்கு என்ன கொடுப்பது? கல்வியாண்டு முடியும் நேரத்தில் புதிதாக வந்தவர்களுக்கு

பள்ளிக்கூடம் மூட இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் திடீரென்று "டீச்சருக்கு என்ன வாங்கலாம்" என்று பேச்சு ஓடுகிறது. நீங்கள் இந்த நாட்டுக்கு வந்தே ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. சும்மா இருந்தால் மரியாதை தெரியாத குடும்பம் என்று நினைத்துவிடுவார்களோ, கொடுப்பதென்றால் எவ்வளவுக்குக் கொடுப்பது, வெறுங்கையோடு பிள்ளையை எப்படி அனுப்புவது என்று மண்டை குடையும். எங்களுக்கும் குடைந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் கட்டாயம் என்று எதுவும் கிடையாது. கொடுக்க ஆசைப்பட்டால், வீட்டு பட்ஜெட்டில் துண்டு விழாமலேயே நல்லபடியாகக் கொடுக்கலாம்.

முதலில் தேதி. கல்வியாண்டு முடிவது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் மே பிற்பகுதியிலிருந்து ஜூன் கடைசிக்குள் ஊருக்கு ஊர் வேறுபடும், கனடாவில் ஜூன் கடைசி, இங்கிலாந்தில் ஜூலை பிற்பகுதி, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் டிசம்பர், சிங்கப்பூரில் நவம்பர். பள்ளியின் நாட்காட்டியைப் பார்த்து, கடைசி நாளுக்கு மூன்று நான்கு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் வகுப்பறை கல்யாண வீட்டைக் காலி செய்கிற மாதிரி இருக்கும், உங்கள் பிள்ளை நீட்டுவது எந்த மூலைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அதற்காக ரொம்ப முன்னதாகவும் வேண்டாம், மதிப்பெண் அறிக்கை வருவதற்கு முன்னால் பரிசு போனால் பார்ப்பவர்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

அடுத்தது விதி. இதைத்தான் நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் பல இடங்களில் அரசு ஊழியர், அரசு ஊழியர் பரிசு வாங்குவதற்கு வரம்பு உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு குடும்பத்திடமிருந்து 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசை அரசுப் பள்ளி ஆசிரியர் வாங்கக்கூடாது என்பது சட்டம். மற்ற இடங்களில் பள்ளிக்கூடமே தனியாக ஒரு விதி வைத்திருக்கலாம், பரிசே வேண்டாம் என்று சொல்கிற பள்ளியும் உண்டு. பள்ளியின் கையேட்டில் பாருங்கள், இல்லாவிட்டால் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

நான் வந்த முதல் வருடம் கேட்கவில்லை. எங்கள் வீடு மற்ற வீடுகளுக்குச் சளைத்ததில்லை என்று காட்டுகிற நினைப்பில் ஒரு விலையுயர்ந்த கைப்பையை வாங்கி, பளபளவென்று தாள் சுற்றி மகளிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அவளுடைய புத்தகப் பையிலேயே அது திரும்பி வந்தது, மேலே ஒரு சின்னக் குறிப்போடு: மிக்க நன்றி, இதை வாங்கிக்கொள்ள எங்கள் விதியில் இடமில்லை, உங்கள் மகளின் கடிதத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவர் கடிதம் என்று சொன்னது, பரிசின் மேல் ஏதாவது ஒட்ட வேண்டுமே என்று மகள் கிளம்புகிற அவசரத்தில் கிறுக்கிய நாலு வரி.

அதனால்தான் இப்போது யார் கேட்டாலும் முதலில் கடிதம் என்கிறேன். மற்றதெல்லாம் அந்தக் கடிதத்துக்கு உறை மாதிரிதான். ஆனால் கடிதம் என்றால் கடையில் வாங்கிய கார்டில் "நீங்கள்தான் உலகத்திலேயே சிறந்த ஆசிரியர்" என்று எழுதிப் பெயர் போடுவது இல்லை, அப்படி ஒரு கட்டு கார்டு அவரிடம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். பிள்ளையை உட்கார வைத்து, இந்த வருடம் டீச்சர் செய்ததில் ஒன்றே ஒன்றைச் சொல் என்று கேளுங்கள். முதலில் தெரியாது என்று தோளைக் குலுக்கும், கொஞ்சம் பொறுங்கள். என் மகனிடம் இப்படிக் கேட்டபோது வந்த பதில் இது: வந்த முதல் வாரம் அவனுக்குப் பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்லத் தெரியாது, டீச்சர் ஒரு அட்டையில் படம் வரைந்து அவன் மேசையில் ஒட்டினார், அதைத் தூக்கிக் காட்டினால் போதும் என்றார். எட்டு மாதமாக இது எங்களுக்குத் தெரியாது! அவன் அதையே தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதினான், கடைசியில் "இப்போது எனக்கு அட்டை வேண்டாம், நான் வாயாலேயே கேட்பேன்" என்று முடித்தான். நாங்கள் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. நீங்களும் திருத்தாதீர்கள், அம்மா அப்பா உட்கார்ந்து அழகாக எழுதிக் கொடுத்தது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

எழுதத் தெரியாத சின்னப் பிள்ளை என்றால் படம் வரையட்டும், அது சொல்வதைக் கீழே நீங்கள் எழுதுங்கள். பெரியவர்கள் தனியாக இரண்டு வரி சேர்த்தால் போதும், உங்கள் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் சரி. வீட்டில் பிள்ளையிடம் தெரிந்த மாற்றம் ஒன்றைச் சொல்லுங்கள், ஆசிரியரால் பார்க்க முடியாதது அதுதான். காலையில் வயிற்று வலி என்று அழுத பிள்ளை இப்போது தானே ஷூ போட்டுக்கொள்கிறது, அவ்வளவு எழுதினால் போதும். ஒரு மூலையில் பிள்ளை கையால் தமிழில் "நன்றி" என்று எழுதி, எப்படி உச்சரிப்பது என்று பக்கத்தில் அந்த ஊர் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். கீழே தேதியும், பிள்ளையின் முழுப் பெயரும், வகுப்பும் கட்டாயம் இருக்கட்டும். பல வருடம் கழித்து எடுத்துப் பார்க்கிறவருக்கு வெறும் பெயர் மட்டும் போதாது.

சரி, யாருக்குக் கொடுப்பது? வகுப்பாசிரியருக்கு மட்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். புதிதாக வந்த பிள்ளையை உண்மையில் கைப்பிடித்துக் கரையேற்றியவர் பல நேரம் வேறொருவராக இருப்பார். மொழி தெரியாத பிள்ளைகளைத் தினம் அரைமணி நேரம் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்கிற மொழி ஆதரவு ஆசிரியர், வகுப்பு உதவியாளர், சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளையை இன்னொரு மேசைக்கு அழைத்துப் போனவர், அலுவலகத்தில் நம் நீளமான பெயரைச் சரியாக எழுதிக்கொள்ள மூன்று தடவை பொறுமையாகக் கேட்ட அந்த அம்மா, பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இவர்களுக்கு வருகிற பரிசு குறைவு, கடிதம் அதைவிடக் குறைவு. கையில் இருக்கிற பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் மொழி ஆசிரியருக்குத்தான் வாங்குவேன், வகுப்பாசிரியருக்குக் கடிதம் மட்டும் போகும்.

இனி பொருள். அதிகச் செலவில்லாமல், வாங்குகிறவருக்கு உபயோகமாக இருப்பது என்று பார்த்தால் முதலிடம் எழுதுபொருளுக்குத்தான். வெள்ளைப் பலகையில் எழுதுகிற மார்க்கர், நல்ல பேனா, ஒட்டுத்தாள், பிள்ளைகளின் நோட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர் எல்லாம் வகுப்பறையில் தீர்ந்துகொண்டே இருக்கும், தீர்ந்தால் பல ஆசிரியர்கள் சொந்தக் காசில்தான் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் 2014-15 கல்வியாண்டைப் பற்றி அரசு எடுத்த கணக்கெடுப்பில், அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 100க்கு 94 பேர் திரும்பக் கிடைக்காத சொந்தப் பணத்தை வகுப்பறைப் பொருள்களுக்குச் செலவழித்ததாகச் சொன்னார்கள், சராசரியாக ஆளுக்கு 479 டாலர். ஆகவே நாலு மார்க்கரை ரிப்பன் கட்டிக் கொடுத்தால் அற்பமாக நினைப்பார்களோ என்று கூச்சப்படவேண்டாம்.

வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுப்பதும் நல்லது, பழையதாக இருந்தாலும் கிழியாமல் சுத்தமாக இருந்தால் போதும். உள்ளே முதல் பக்கத்தில் இந்த வகுப்பில் படித்த இன்னார் கொடுத்தது என்று பிள்ளை எழுதட்டும். பரிசை ஆசிரியர் தனக்கென்று வாங்கக்கூடாது என்கிற பள்ளிகளில்கூட வகுப்பறைக்குக் கொடுப்பதற்கு வழி இருக்கும், அதையும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் மணி பிளான்ட் இருந்தால் ஒரு கொடியைக் கணுவுக்குக் கீழே நறுக்கி, காலி ஜாம் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்தால் சில வாரங்களில் வேர் விட்டுவிடும், செலவு பூஜ்யம். ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை. பெரிய தொட்டியாகக் கொடுக்காதீர்கள், விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர் அதை யார் தலையில் கட்டுவது? பிள்ளை வெட்டி ஒட்டிச் செய்த புக்மார்க், கோந்து பிதுங்கிக்கொண்டிருந்தாலும், தாராளமாகக் கொடுக்கலாம். வகுப்புப் புகைப்படத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டுக் கொடுக்கும் யோசனையை மட்டும் ஒருமுறை தள்ளி வையுங்கள், மற்ற பிள்ளைகளின் முகம் அதில் இருக்கிறது. அவர்கள் வீட்டில் கேட்காமல் செய்தால் பிரச்சினை வரலாம்.

எதை விடுவது? காபி கோப்பை. யோசனை ஓடாதவர்கள் எல்லோரும் வாங்குவது அதைத்தான், இருபது வருடம் வேலை பார்த்தவர் வீட்டு அலமாரியை நினைத்துப் பாருங்கள். வாசனை மெழுகுவர்த்தி, சென்ட், கிரீம் எல்லாம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தலைவலியும் மூச்சு இழுப்பும் வரும், ஆளைத் தெரியாமல் வாங்காதீர்கள். வீட்டில் செய்த பலகாரத்தைப் பற்றி நம் ஆட்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. நாம் ஆசையாகத்தான் செய்கிறோம். ஆனால் கொட்டை வகைகள் பலருக்கு ஒவ்வாமை, சிலருக்கு உயிருக்கே ஆபத்து, கொட்டைப் பொருளை வாசலிலேயே நிறுத்துகிற பள்ளிகள் உண்டு. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத எதையும் வாயில் வைக்கத் தயங்குவார்கள், நம்மிடம் சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டு அப்புறம் என்ன செய்வதென்று முழிப்பார்கள். நகை, துணிமணி வேண்டாம். ரொக்கம் வேண்டவே வேண்டாம், கவரில் போட்டுக் கொடுத்தாலும் அது லஞ்சம் மாதிரிதான் தெரியும். கிஃப்ட் கார்டு வேறு, விதி இடம் கொடுத்தால் சின்னத் தொகைக்கு வாங்கலாம், ஆனால் அதுவும் பணக் கணக்கில்தான் சேரும், வரம்பு அதற்கும் பொருந்தும்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் குழு. எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு ஒரே பரிசாக வாங்குவது நல்ல ஏற்பாடுதான், சில்லறைப் பொருள் இருபது சேருவதற்குப் பதிலாக உருப்படியாக ஒன்று போய்ச் சேரும். ஆனால் யாரோ ஒருவர் ஒரு தொகையைச் சொன்னதும் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிவிடுவார்கள், நமக்கு அது அந்த வாரத்து மளிகைக் காசாக இருக்கும். குழுவில் எதுவும் எழுதவேண்டாம். பணம் வசூலிப்பவருக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள்: "இந்த முறை எங்களால் இவ்வளவுதான் முடியும், கார்டில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள்." ஒன்றும் முடியாவிட்டால் "நாங்கள் தனியாகக் கடிதம் கொடுக்கிறோம்" என்று சொன்னால் முடிந்தது. காரணம் விளக்கத் தேவையில்லை. வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, வாடகை முன்பணம் கட்டினோம் என்று நான் ஒரு பாரா எழுதினேன், அந்த அம்மாள் பாவம் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் ஒரு இதயப் படம் அனுப்பினார்.

பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் இருந்தால் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், ஏழெட்டுப் பேருக்குப் பரிசு வாங்க யாராலும் ஆகாது. பிள்ளையே இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து மின்னஞ்சல் எழுதட்டும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, காசே இல்லாதது, நம் ஆட்கள் பெரும்பாலும் செய்யாதது: தலைமை ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல். இன்ன ஆசிரியர் எங்கள் பிள்ளைக்கு இன்னது செய்தார் என்று ஐந்து வரி, நகல் அந்த ஆசிரியருக்கு. தலைமை ஆசிரியருக்குப் பெற்றோரிடமிருந்து வருவதில் புகார்தான் நிறைய இருக்கும், ஒருவரைப் பாராட்டி வருகிற கடிதம் மேலிடத்தில் கவனிக்கப்படும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் என்றால் இது கைப்பையைவிட எத்தனையோ மடங்கு உதவும்.

கொடுக்கும்போது பெரிய சடங்கெல்லாம் வேண்டாம், பிள்ளை கையில் கொடுத்தனுப்பினால் போதும். உங்கள் எதிரில் பிரித்துப் பார்க்காவிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, மற்ற பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது பிரிக்காமல் வைப்பதுதான் நியாயமும்கூட. சில நாள் கழித்து டீச்சரிடமிருந்து ஒரு நன்றிக் கார்டு பையில் வரலாம். அதற்குப் பதில் நன்றி எழுதவேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மாமியார் எழுதியே ஆகவேண்டும் என்று நின்றார்கள், எழுதினோம், அதற்கும் அந்த டீச்சர் பதில் போட்டார். அதோடு நிறுத்துவதற்கு மாமியாரிடம் நான் பட்ட பாடு தனிக் கதை.