கலிஃபோர்னியாவில் வெளிமாநில ஸ்கூட்டர்: மீட்டர் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிற பிள்ளைகள் இப்போது ஆங்காங்கே இருக்கிறார்கள். அங்கே போய் ஸ்கூட்டர் வாங்க ஆசைப்பட்டால், யாரிடமாவது கேட்டு என் நம்பரைப் பிடித்துவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு ஸ்கூட்டர் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். ஸ்பேனர் பிடித்த நேரம் போக, வாடிக்கையாளர்களின் பதிவுத் தாள்களைச் சரிபார்ப்பதும் என் தலையில்தான் விழும். இப்போது ஊரில் காப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள்களுக்குச் செயின் மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகள் மட்டும் மாறவே இல்லை. அன்றைக்கு எல்லோரும் எங்கே விழுந்தார்களோ, அதே குழியில்தான் இன்றைய பிள்ளைகளும் விழுகிறார்கள்.

ஹெல்மெட் போடு, லைசென்ஸ் எடு, இன்சூரன்ஸ் வாங்கு என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை உங்கள் அம்மாவே சொல்வார்.

வெளிமாநிலம் என்றால் பக்கத்து ஊர் என்று நினைப்பது

பாதித் தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் மலேசியாவில் வண்டி பதிகிற ஜேபிஜே ஒன்றுதான். கெடாவில் பதிந்த ‘கே’ நம்பர் மோட்டாரை ஜொகூரில் ஆயுளுக்கும் ஓட்டலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆள் மாறினால் பெயர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தோடு அமெரிக்கா போகிறவனுக்கு நெவாடாவும் கலிஃபோர்னியாவும் பேராக்கும் சிலாங்கூரும் மாதிரித் தெரியும்.

அங்கே ஒவ்வொரு மாநிலமும் வண்டியைத் தன் புத்தகத்தில் தனியாகப் பதிந்துகொள்கிறது. கலிஃபோர்னியாவில் அந்த வேலை டிஎம்வி என்கிற மோட்டார் வாகனத் துறை உடையது. அங்கே குடியேறினாலோ வேலையில் சேர்ந்தாலோ, வெளிமாநில வண்டியை 20 நாளுக்குள் பதிய வேண்டும். அதோடு, காற்று மாசு விஷயத்தில் அந்த மாநிலத்துக்குத் தனிச் சட்டம். லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிய காலத்தில், 1967இல், கார்ப் என்ற காற்று வளங்கள் வாரியத்தை அமைத்தார்கள். மற்ற மாநிலங்களுக்குப் பொதுவாக மத்திய அரசின் சுற்றுச்சூழல் நிறுவனமான இபிஏ வைத்த அளவு. கலிஃபோர்னியா மட்டும் அதைவிடக் கடுமையான அளவைத் தானே வகுத்துக்கொள்ள மத்தியச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. அதனால் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நிறமாக இருந்தாலும் கலிஃபோர்னியாவுக்குச் சான்று வாங்கிய வண்டி உண்டு, வாங்காத வண்டியும் உண்டு.

7,500 மைல் ஓடாத ஸ்கூட்டரை வெளியே வாங்குவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சட்டம் சொல்வது இது: கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர், அந்த மாநிலச் சான்று இல்லாத வண்டியை வெளியே வாங்கி, வாங்கும் நேரத்தில் மீட்டரில் 7,500 மைலுக்குக் குறைவாக இருந்தால், அது புது வண்டி. புது வண்டிக்குச் சான்று இல்லையென்றால் பதிவு இல்லை. எந்த வருஷம் செய்தது, எத்தனை கை மாறியது, சீட்டு எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது.

காருக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஒரு வருஷம் வேலைக்குப் போய்வந்தாலே கார் அந்த மைலைத் தாண்டிவிடும். அடி வாங்குவது ஸ்கூட்டர்தான். அங்கே ஸ்கூட்டர் பெரும்பாலும் வெயில் காலத்து விளையாட்டுச் சாமான். வாங்குவார்கள், கடைக்கு ரெண்டு தரம் போவார்கள், பனி விழுந்ததும் கராஜில் துணி போட்டு மூடிவிடுவார்கள். ஐந்து வருஷம் கழித்து விற்க வரும்போது இரண்டாயிரம் மைல்கூட ஓடியிருக்காது. நம் ஆள் அதைப் பார்த்து, ‘அடடா, குறைவாக ஓடிய வண்டி, எஞ்சின் புதுசு மாதிரி இருக்கும்’ என்று கையைத் தட்டிக்கொண்டு வாங்குகிறான். ஊரில் அது நல்ல கணக்கு. அங்கே அதுதான் கண்ணி.

நம் பக்கத்துத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்த ஒரு பையன், சாக்ரமெண்டோவில் வேலை கிடைத்துப் போனான். முதல் சம்பளத்தோடு, ஊரில் அம்மா கூட்டு (சீட்டு) எடுத்து அனுப்பிய காசையும் சேர்த்து, நெவாடாவில் இருக்கும் ரீனோவில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினான். தூரம் ஒன்றும் பெரிதில்லை, ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போகிற மாதிரிதான். விலை 1,800 டாலர். அதே வண்டி கலிஃபோர்னியாவில் இன்னும் கூடுதல் விலை. வேன் வாடகைக்கு எடுத்து மலை தாண்டி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். எல்லாம் முடிந்த பிறகு எனக்கு வீடியோ கால்.

"மாமா, டிஎம்வியில ஒருத்தர் வெளிய வந்து வண்டியைப் பார்த்தாரு. நம்பரைப் பார்த்தாரு, மீட்டரைப் பார்த்தாரு. அப்புறம் குனிஞ்சு ஒரு ஸ்டிக்கரைப் பார்த்துட்டு முடியாதுன்னுட்டாரு."

சீட்டைத் தூக்கி அந்த ஸ்டிக்கரைக் காட்டு என்றேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, மூலையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு வெள்ளி நிற லேபிள். மேல் வரியில் கம்பெனிப் பெயர், அதற்குக் கீழே எஞ்சின் குடும்பக் குறியீடு, எத்தனை சிசி, அப்புறம் இபிஏ விதிகளுக்கு ஒத்தது என்ற ஒரு வாக்கியம். அதோடு முடிந்துவிட்டது. அந்த வாக்கியம் தொடர்ந்து ‘கலிஃபோர்னியா’ என்ற சொல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மீட்டரில் 2,100 சொச்சம்.

வாங்குவதற்கு முன்னால் அதே சீட்டைத் தூக்கி அதே லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால், அரை நிமிஷத்தில் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

அடுத்து அவன் கேட்டது எல்லோரும் கேட்பதுதான்: "பரவால்ல மாமா, நானே ஓட்டி 7,500 ஆக்கிட்டு மறுபடி போறேன்." ஆகாது. வாங்கும்போது மீட்டர் என்ன காட்டியது என்பதுதான் கணக்கு. அந்த எண்ணை டைட்டில் மாற்றும்போதே விற்றவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். டைட்டில் என்பது வண்டியின் உரிமைத் தாள், நம் கிராண்ட் மாதிரி. அது பேசும், நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பதியாத வண்டியை எந்த ரோட்டில் ஐயாயிரம் மைல் ஓட்டப் போகிறீர்கள் என்பது தனிக் கேள்வி.

பிறகு யாரோ ஒரு நண்பன் புத்தி சொல்லியிருக்கிறான்: நெவாடாவில் இருக்கும் தெரிந்தவர் பெயரில் முதலில் பதி, அப்புறம் உன் பெயருக்கு மாற்று. மாற்றும் நாளிலும் மீட்டர் 7,500ஐத் தொட்டிருக்காதே! இன்னொருவன் மீட்டரையே திருப்பச் சொன்னானாம். மீட்டரில் கை வைப்பது அங்கே மத்தியக் குற்றம். டிஎம்வி தாளில் பொய் எழுதிக் கையெழுத்துப் போடுவது, பொய்ச் சத்தியம் செய்ததற்குச் சமம். விசாவில் இருக்கிற பையன் ஒரு ஸ்கூட்டருக்காக இதிலெல்லாம் இறங்கலாமா?

கடைசியில் மறுபடி வேன் எடுத்து, ரீனோவுக்கே கொண்டுபோய், 1,100 டாலருக்குத் தள்ளிவிட்டு வந்தான். கூட்டுக் காசில் ஒரு பங்கு மலைமேல் போய்விட்டது.

இதே காலத்தில் ஒரு பொண்ணு டெக்சஸில் படித்தது. அங்கேயே புது ஸ்கூட்டர் வாங்கி, தன் பெயரில் பதிந்து ஓட்டியது. பிறகு சான் ஹோசேயில் வேலை கிடைத்து வண்டியோடு வந்தது. மீட்டரில் 2,000 மைல்கூட இல்லை, லேபிளில் கலிஃபோர்னியா வாசகமும் இல்லை. ஆனாலும் பதிவு நடந்தது. காரணம், கலிஃபோர்னியாவில் குடியேறும் முன்பே, முன்பு குடியிருந்த மாநிலத்தில் தன் பெயரில் பதிந்த வண்டிக்கு விலக்கு உண்டு. டெக்சஸ் பதிவுத் தாளில் தேதி தெளிவாக இருந்தது, அதைக் காட்டியது, முடிந்தது. சொத்தாக வந்த வண்டி, விவாகரத்துத் தீர்ப்பில் வந்த வண்டி, வெளிமாநிலத்தில் இருக்கும்போது சொந்த வண்டி திருடுபோய் அதற்குப் பதில் வாங்கியது என்று இன்னும் சில விலக்குகள் உண்டு. விலை மலிவு என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

எல்லா வெளிமாநில ஸ்கூட்டருக்கும் பயப்பட வேண்டியதில்லை. பல பெரிய கம்பெனிகள் ஐம்பது மாநிலத்துக்கும் ஒரே சான்றோடு வண்டி விற்கின்றன. லேபிளில் கலிஃபோர்னியா வாசகம் இருந்தால் மீட்டர் பத்து மைல் காட்டினாலும் பிரச்சினை இல்லை. லேபிள் கிழிந்தோ அழிந்தோ போயிருந்தால், அந்த மாடலுக்கும் வருஷத்துக்கும் கார்ப் கொடுத்த சான்று உத்தரவு எண் இருக்கிறதா என்று அவர்கள் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். விற்பவர் ‘இபிஏ அப்ரூவ்டு’ என்று சொன்னால் அது பதிலே இல்லை. மலிவுச் சீன ஸ்கூட்டர் விளம்பரங்களில் இந்த வாக்கியம்தான் பெரிய எழுத்தில் இருக்கும்.

புகைச் சோதனை இல்லையே என்று தைரியமாக இருப்பது

கலிஃபோர்னியாவில் கார்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஸ்மாக் செக் உண்டு, மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் கிடையாது. இதைக் கேட்டதும், அப்படியானால் மாசு விதியே நமக்கு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஸ்மாக் செக் ஓடுகிற வண்டிக்கு. நான் சொன்ன சான்று வண்டி பிறக்கும்போதே கம்பெனி வாங்க வேண்டியது.

இதை ஒட்டி இன்னொரு கேள்வியும் வரும். டாங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்க, கலிஃபோர்னியா வண்டிகளில் கரி நிரப்பிய ஒரு சின்ன டப்பா இருக்கும். வெளிமாநில வண்டி பலவற்றில் அது இருக்காது. "அண்ணே, நீங்களே ஒண்ணு வாங்கி மாட்டிடுங்களேன்" என்பார்கள். மாட்டலாம், அரை மணி நேர வேலை. ஆனால் கம்பெனி அந்த வண்டியைச் சோதனைக்கு வைத்துச் சான்று வாங்கவில்லை. நான் டப்பா மாட்டினால் வண்டியில் ஒரு டப்பா கூடுதலாக இருக்கும், லேபிள் அப்படியேதான் இருக்கும்.

கிலோமீட்டர் மீட்டர்

7,500 மைல் என்றால் சுமார் 12,070 கிலோமீட்டர். சில சீன ஸ்கூட்டர்களில் மீட்டர் கிலோமீட்டரில் ஓடும். பார்த்து வாங்குங்கள்.

வரி மிச்சம் பிடிக்க ஓரிகன் போவது

ஓரிகனில் விற்பனை வரி கிடையாது, உண்மைதான். ஆனால் வண்டியைக் கலிஃபோர்னியாவில் பதியும்போது டிஎம்வியே பயன்பாட்டு வரி என்று வாங்கிக்கொள்ளும். மாநில அளவு 7.25 சதவீதம், ஊரைப் பொறுத்து மேலே ஏறும். வேறு மாநிலத்தில் ஏற்கெனவே வரி கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். ஆக மிச்சம் ஒன்றும் இல்லை, பெட்ரோல்தான் செலவு.

ஊரிலிருந்து ஆர்எக்ஸ்இசட் மோட்டார் அனுப்புவது

வேண்டாம். அப்பா ஓட்டிய வண்டி என்றாலும் வேண்டாம்.

150 என்று எழுதியிருப்பதை நம்பி ஃப்ரீவேயில் ஏறுவது

நம் ஊரில் காப்சாயில் ஏறி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் டோல்கூட இல்லாமல் போய்விடலாம். கலிஃபோர்னியாவில் 150 சிசிக்குக் குறைந்த வண்டி ஃப்ரீவேயில் போகக்கூடாது, அதற்கு நுழைவாயிலிலேயே பலகை வைத்திருப்பார்கள். சீன ஸ்கூட்டர்களில் வரும் ஜிஒய்6 எஞ்சினுக்குப் பக்கவாட்டில் 150 என்று பெரிதாக ஒட்டியிருக்கும். சிலிண்டர் அளவைப் போட்டுப் பார்த்தால் 149.6 சிசிதான் வரும். பின்பக்கம் போலீஸ் விளக்கு எரியும்போது இந்தக் கணக்கெல்லாம் நினைவுக்கு வரும். வேலைக்கு ஃப்ரீவேயில்தான் போக வேண்டும் என்றால் 200 சிசிக்கு மேல் பாருங்கள்.

டைட்டிலில் அடித்துத் திருத்துவது

ஒரு எழுத்துகூட அடிக்காதீர்கள். அடித்தால் விற்றவரைத் தேடிப் பிடித்து விளக்கக் கடிதம் வாங்க வேண்டிவரும். அவர் அதற்குள் போன் நம்பரை மாற்றியிருப்பார்.

வாங்கி முடித்த பிறகு கேட்பது

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், இந்த வரிசையில் பாருங்கள். முதலில் லேபிள். சீட்டுக்கு அடியில் இல்லையென்றால் வண்டியின் ஃப்ரேமில், கால் வைக்கும் பலகைக்கு உள்பக்கம் தேடுங்கள். கலிஃபோர்னியா வாசகம் இருந்தால் நிம்மதியாக டிஎம்விக்குப் போங்கள். இல்லையென்றால், டைட்டிலில் விற்றவர் எழுதிய மைல். அது 7,500 அல்லது அதற்கு மேல் என்றால் அதுவும் சரி. இரண்டும் இல்லையென்றால், விலக்குகளில் ஏதாவது உண்மையிலேயே உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அதற்கான தாளை எடுத்து வையுங்கள்.

எதுவும் இல்லையென்றால் வண்டியை வெளிமாநிலத்திலேயே விற்க வேண்டியதுதான். கோடை தொடங்கும்போது விற்றால் கொஞ்சம் நல்ல விலை கிடைக்கும், அதுவரை வண்டி பதியாமல் நிற்கட்டும். விளம்பரத்தில் லேபிள் போட்டோவையும் சேர்த்துப் போடுங்கள், 49 மாநில வண்டி, கலிஃபோர்னியாவுக்கு ஆகாது என்றும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அதை வாங்க வருகிறவனும் சாக்ரமெண்டோவிலிருந்துதான் வருவான்.