கம்யூனிகேஷன் எரரா? ஈசியூவை மாற்றும் முன் 60 ஓம் பாருங்கள்

பழைய எக்ஸ்கவேட்டரிலோ லோடரிலோ கம்யூனிகேஷன் எரர் (வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினிகளான ஈசியூக்கள் ஒன்றோடொன்று பேச முடியாத கோளாறு) வந்தால், சாவியை ஆஃப் செய்து பேட்டரியைத் துண்டித்துவிட்டு, டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் கேன் ஹை, கேன் லோ (ஈசியூக்கள் பேசிக்கொள்ளும் கேன் லைனின் இரண்டு வயர்கள்) இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஜே1939 (கனரக வண்டிகளுக்கான கேன் தரநிலை) முறையிலான 9 பின் சாக்கெட்டில் அவை சி, டி பின்கள். சில கம்பெனிகள் பின் வரிசையை மாற்றியிருக்கும், வயரிங் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். இணையாகச் சேர்ந்து 60 காட்டும். 120 காட்டினால் லைன் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஒரு ரெசிஸ்டர் போய்விட்டது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஷார்ட். 40 வந்தால், பழைய ஓனர் மாட்டிய ஏதோ ஒரு கருவி மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கலாம். அளவு தப்பாக இருந்தால், மீட்டரைப் பார்த்தபடி கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பூம் அடியில் ஹார்னஸ் (வயர் கட்டு) உரசும் இடமும், தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்த பின்களும்தான் முதல் சந்தேகம். ஈசியூ விலைக்கு இந்தச் சோதனை ஒன்றுமே இல்லை.

60 வந்துவிட்டது என்பதற்காக லைன் முழுக்கச் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். வண்டி குலுங்கும்போது மட்டும் வரும் ஃபால்ட், ஈசியூவுக்கு வரும் கரண்ட் அல்லது எர்த் கோளாறு இதில் தெரியாது. ஒன்றுக்கு மேல் கேன் லைன் உள்ள வண்டியில் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். கேன் லைனே இல்லாத பழைய மாடல்களுக்கு இது பொருந்தாது.